கரும்பும் கணக்கும்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. கைத்தறிகள் மிகுந்த கொங்கு நாட்டில் இப்பழமொழியின் பிற்பகுதி எவர்க்கும் எளிதில் விளங்கும். நூல் நயமானதாயின் சேலையும் நயமானதாகும்; நூல் முரடாயின் சேலையும் முரடாகும். ஆனால் முற்பகுதி அத்துணை எளிதன்று. ஒரே பெற்றோர்க்குப் பிறந்த மக்களுள் ஒருவர் தாயை ஒத்திருப்பார். ஒருவர் தந்தையை ஒத்திருப்பார். வேறொருவரோ பாட்டனாரை உரித்து வைத்தாற்போல இருப்பார். செடி கொடிகளிலும் இவ்வேறுபாடு உண்டு. ஒரு செடியின் விதைகளை ஒரே பாத்தியில் இட்டாலும், முளைப்பன யாவும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இவ்வேறுபாடுகள் மனம்போனபடி தோன்றுவனவா? அன்றி, ஏதேனும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டனவா? விதையை மண்ணில் இடுமுன்பே, அதிலிருந்து எத்தகைய பயிர்கள் எந்த அளவில் தோன்றும் என்று கணக்கிட்டுக் கூற இயலுமா? உழவர்க்கும் நாட்டிற்கும் பெரும் பயன் விளைக்கும் வினாக்கள் இவை. இவற்றின் விடை ஐரோப்பாவில் ஒரு பட்டாணிப் பாத்தியில் கிடைத்தது. அவ்விடை எத்துணை வல்லமை உடையது, எவ்விடத்தில் அதன் எல்லை அமைந்துள்ளது என்பதைக் கோயம்புத்தூர்க் கரும்புத் தோட்டம் காட்டிற்று.

முதலில் பட்டாணியைப் பற்றி அறிதல் வேண்டும். இன்று செக் நாட்டில் உள்ள புர்னோ என்னும் நகரம், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. அந்நகர்த் துறவி மடமொன்றில் கிரெகோர் மெண்டல் என்பவர் வாழ்ந்தார். அவர் 1822ஆம் ஆண்டில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1856ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்தார். செடிகளைக் கலந்து வளர்த்தவர் அவருக்கு முன்னரும் பலர் இருந்தனர். ஆயினும், ஒரு நேரத்தில் ஒரு பண்பை மட்டும் எடுத்துக்கொண்டு, தோன்றிய செடிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தமையே மெண்டலின் தனிச்சிறப்பாகும்.

பட்டாணியில் நெட்டையாக வளரும் வகையும் உண்டு. குட்டையாக நிற்கும் வகையும் உண்டு. மெண்டல் தூய நெட்டை வகையையும் தூய குட்டை வகையையும் கலந்தார். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரமுடைய செடிகள் தோன்றும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் தோன்றிய செடிகள் யாவும் நெட்டையாகவே இருந்தன. குட்டைத் தன்மை முற்றிலும் அழிந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். மெண்டல் அவ்வாறு முடிவு செய்துவிடவில்லை. அச்செடிகளைத் தம்முள்ளே மகரந்தச் சேர்க்கை பெறச் செய்து, விதைகளைச் சேர்த்து, அடுத்த ஆண்டில் விதைத்தார். அப்போது தோன்றிய 1,064 செடிகளுள் 787 நெட்டையானவை, 277 குட்டையானவை. மறைந்த குட்டை மீண்டும் தலைகாட்டிற்று. நெட்டைக்கும் குட்டைக்கும் உள்ள அளவு ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்று அமைந்தது. விதையின் வடிவம், நிறம் முதலிய ஏனைய பண்புகளிலும் இதே அளவு காணப்பட்டது.

இதன் காரணத்தை மெண்டல் நுட்பமாக உய்த்துணர்ந்தார். ஒவ்வொரு பண்பிற்கும் செடியினுள் இரண்டு காரணிகள் உள்ளன. ஒன்று தாய்வழி வந்தது. மற்றொன்று தந்தைவழி வந்தது. செடி மகரந்தத்தையோ சூலையோ உண்டாக்கும்போது, அவ்விரண்டும் பிரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு காரணி மட்டுமே செல்லும். நெட்டைக்குரிய காரணியை 'நெ' என்றும், குட்டைக்குரியதைக் 'கு' என்றும் குறித்துக்கொள்ளலாம். தூய நெட்டைச் செடி 'நெநெ'. தூய குட்டைச் செடி 'குகு'. இவற்றின் கலப்பில் தோன்றும் செடி 'நெகு' ஆகும். இரண்டும் கூடியிருக்கும்போது 'நெ' தன் பண்பை வெளிப்படுத்தும், 'கு' அடங்கியிருக்கும். முன்னதை ஓங்கு பண்பு என்றும், பின்னதை ஒடுங்கு பண்பு என்றும் கூறுவர். ஒடுங்கிய காரணி அழிவதில்லை, வெளித்தோன்றாமல் காத்திருக்கிறது.

அடுத்த தலைமுறையின் கணக்கை ஒரு சிறு சதுரத்தால் அறியலாம். இங்கிலாந்து நாட்டு அறிஞர் ரெஜினால்டு புன்னெட் வகுத்த முறை இது. ஒரு சதுரத்தை நான்கு அறைகளாகப் பிரித்து, மேற்புறத்தில் தந்தையின் காரணிகளாகிய நெ, கு என்பவற்றையும், இடப்புறத்தில் தாயின் காரணிகளாகிய நெ, கு என்பவற்றையும் எழுத வேண்டும். ஒவ்வோர் அறையிலும் அதற்கு மேலும் இடப்புறமும் உள்ள எழுத்துகளைச் சேர்த்து எழுதினால், நெநெ, நெகு, குநெ, குகு என நான்கு சேர்க்கைகள் கிடைக்கும். முதல் மூன்றிலும் 'நெ' இருப்பதால் அவை நெட்டை. நான்காவது மட்டுமே குட்டை. மூன்றுக்கு ஒன்று என்னும் அளவு இவ்வாறு எழுந்ததே.

மெண்டல் இக்கணக்கை மேலும் சோதித்தார். நெட்டைச் செடிகள் மூன்றனுள் ஒன்று தூய நெட்டையாகவும், இரண்டு குட்டைக் காரணியை மறைத்து வைத்தனவாகவும் இருத்தல் வேண்டும் என்பது சதுரம் கூறுவது. நெட்டைச் செடிகள் நூற்றின் விதைகளைத் தனித்தனியே விதைத்துப் பார்த்தபோது, 28 செடிகளின் வழித்தோன்றல்கள் யாவும் நெட்டையாயின. 72 செடிகளின் வழித்தோன்றல்களில் குட்டையும் கலந்திருந்தது. கண்ணுக்கு ஒரே வடிவாய்த் தோன்றும் செடிகள் உள்ளத்தில் வேறுபட்டிருக்கலாம் என்னும் உண்மை இதனால் விளங்கிற்று. தோற்றத்தை மட்டும் கண்டு விதை தெரிந்தெடுப்பவர் ஏமாற்றம் அடைவதன் காரணமும் இதுவே.

மெண்டல் தம் முடிவுகளை 1865ஆம் ஆண்டில் ஓர் அவையில் படித்து, அடுத்த ஆண்டில் அச்சிட்டார். அக்காலத்து அறிஞர் அதன் பெருமையை உணரவில்லை. 1884ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். 1900ஆம் ஆண்டில் டி விரீஸ், கோரன்ஸ், செர்மாக் என்னும் மூவர் ஏறத்தாழ ஒரே காலத்தில் அவ்வுண்மையை மீண்டும் வெளிப்படுத்தினர்.

இக்கணக்கில் ஒன்றை மறத்தல் கூடாது. மூன்றுக்கு ஒன்று என்பது பல செடிகளுக்குரிய அளவே அன்றி, தனிச்செடி ஒன்றன் விதியை முன்கூட்டிச் சொல்வதன்று. நான்கு விதைகள் இட்டால் ஒன்று கட்டாயம் குட்டையாக இருக்கும் என்று கூற இயலாது. ஒவ்வொரு விதையும் நெட்டையாகும் வாய்ப்பு நான்கில் மூன்று. ஆகவே, நான்கும் நெட்டையாகும் வாய்ப்பு 256இல் 81. அதாவது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. நான்கு விதைகளை மட்டும் இட்டவர் மூவருள் ஒருவர் குட்டைச் செடியைக் காணாமலே போவார். பதினாறு விதைகள் இட்டாலோ, குட்டை ஒன்றும் தோன்றாதிருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். எனவே, வேண்டிய பண்பைப் பெற எத்தனை விதைகள் இடுதல் வேண்டும் என்பதையும் இக்கணக்கே கற்பிக்கிறது.

வேண்டிய பண்புகள் பலவானால் எண்ணிக்கையும் விரைந்து பெருகும். ஒடுங்கு பண்பு ஒன்று தோன்ற நான்கில் ஒரு வாய்ப்பு. தனித்தனியே பிரியும் இரண்டு ஒடுங்கு பண்புகள் ஒரே செடியில் கூட, பதினாறில் ஒரு வாய்ப்பு. மூன்று கூட, அறுபத்து நான்கில் ஒரு வாய்ப்பு. பத்துப் பண்புகள் ஒருங்கே கூடுதற்கு, 10,48,576இல் ஒரு வாய்ப்பே உண்டு. பயிர்ப் பெருக்க அறிஞர்கள் பல்லாயிரம் நாற்றுகளை ஏன் வளர்க்கின்றனர் என்பதற்கு இவ்வெண்ணே விடை.

இனிக் கரும்பின் வரலாற்றைக் காண்பது தக்கது. கரும்பு தமிழர்க்குத் தொன்மையான பயிர். தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் புறநானூற்றில் குறிப்பிடுகின்றார். பவானி, காவிரி, நொய்யல் ஆகிய ஆறுகள் பாயும் கொங்கு நாட்டில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுதல் வழிவழி வந்த தொழில். எனினும், கரும்பை விதையிட்டு வளர்த்தவர் இலர். கரும்பைக் கணுக்களோடு துண்டு துண்டாக வெட்டி, அக்கரணைகளை நடுவதே வழக்கம். கரணையிலிருந்து முளைப்பது தாய்க் கரும்பின் பகுதியே ஆதலால், அது தாயையே முற்றிலும் ஒத்திருக்கும். இதனால் உழவர்க்கு ஒரு நன்மை உண்டு. நல்ல கரும்பு நல்ல கரும்பாகவே நிலைக்கும். ஒரு குறையும் உண்டு. கரணையை எத்தனை தலைமுறை நட்டாலும் புதிய நற்பண்புகள் வந்து சேர்வது அரிது. புதுமை வேண்டுமாயின் பூவும் விதையும் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா ஜாவாத் தீவிலிருந்து பெருமளவில் சர்க்கரையை இறக்குமதி செய்து வந்தது. நாட்டின் கரும்பு நிலத்தில் பெரும்பகுதி வட இந்தியாவில் இருந்தது. அங்குப் பயிரிடப்பட்டவை மெலிந்த நாட்டுக் கரும்புகள். அவை குளிரையும் வறட்சியையும் தாங்கும். ஆனால் விளைச்சலோ குறைவு. தென்னாட்டின் தடித்த, சாறு மிகுந்த கரும்புகள் வடக்கின் பனியிலும் வெயிலிலும் வாடின. ஒன்றன் வலிமையும் மற்றொன்றன் இனிமையும் ஒரே கரும்பில் கூடுமா என்பதே அறிஞர்முன் நின்ற வினா.

இவ்வினாவுக்கு விடை காண 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கரும்பு நிலம் மிகுந்த வடக்கை விடுத்துக் கோயம்புத்தூரைத் தெரிந்தெடுத்தமைக்குத் தக்க காரணம் உண்டு. கரும்பு பூப்பதற்குப் பகலின் நீளமும் இரவின் வெப்பமும் உரிய அளவில் அமைதல் வேண்டும். வடக்கில் கரும்பு பூத்து விதை கொள்வது அரிது. கோயம்புத்தூரிலோ, ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் கரும்பு வெண்ணிறக் கதிர்களை உயர்த்திச் செழிப்பாகப் பூக்கிறது. முளைக்கும் விதையும் தருகிறது. அவ்வூரைச் சூழ்ந்த நீர்நிலைக் கரைகளில் காட்டுக் கரும்பாகிய நாணலும் இயல்பாக வளர்ந்திருந்தது.

நிலையத்தின் முதல் தலைவர் சார்லஸ் ஆல்பிரடு பார்பர் என்னும் ஆங்கிலேயர். வட இந்தியாவின் மெலிந்த கரும்பினத்திற்கு அறிவியலார் பின்னாளில் அவர் பெயரையே சூட்டினர். அவருக்குத் துணையாக இருந்து, பின்னர்த் தலைமை ஏற்றவர் தி. ச. வெங்கடராமன். இவ்விருவரும் தென்னாட்டில் வழங்கிய 'வெள்ளை' என்னும் தடித்த கரும்பைத் தாயாகவும், கோயம்புத்தூர்ப் பகுதியின் நாணலைத் தந்தையாகவும் கொண்டு கலப்புச் செய்தனர். நாணலில் சர்க்கரை மிகக் குறைவு, தண்டோ மெல்லியது. உழவர் களையாகக் கருதும் புல்லை இன்கரும்போடு இணைப்பது பிறர்க்கு வியப்பாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் நாணலுக்கு வறட்சியைத் தாங்கும் உரமும், மிகுதியாகத் தூர்விடும் ஆற்றலும் உண்டு. அவ்வுரமே அவர்கள் நாடியது.

கரும்புப் பூவைக் கலப்பது பொறுமையை நாடும் பணியாகும். ஒரு கதிரில் பல்லாயிரம் நுண்ணிய பூக்கள் உள்ளன. பட்டாணிப் பூவில் செய்வதுபோல ஒவ்வொரு பூவிலும் மகரந்தப் பைகளைக் கிள்ளி அகற்றுதல் இயலாது. ஆகவே, மகரந்தம் வளமற்றுப்போன வகைகளைத் தாயாகக் கொள்வர். மகரந்தம் வளமுடையதா என்பதை அயோடின் கரைசலால் அறியலாம். வளமான மகரந்தத்தில் மாவுப்பொருள் நிறைந்திருப்பதால் அது கருமையாக நிறம் மாறும்; வளமற்றது அவ்வாறு மாறாது. தாய்க் கதிரைத் துணிக் கூட்டினால் மூடி, வேற்று மகரந்தம் புகாதவாறு காத்து, தந்தைக் கதிரை அதன்மேல் நிறுத்துவர். உதிரும் மகரந்தம் தாய்ப் பூக்களில் படியும். பின்னர்க் கிடைக்கும் பஞ்சு படர்ந்த சிறு விதைகளைத் தொட்டிகளில் தூவி நாற்றுகளாக்குவர்.

அவ்வாறு பிறந்த நாற்றுகளுள் ஒன்றே 'கோ 205' என்னும் கரும்பு. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும் முதலெழுத்து. 1918ஆம் ஆண்டில் இது பஞ்சாப் பகுதியில் உழவர்க்கு வழங்கப்பெற்றது. அங்கு வழக்கில் இருந்த 'கதா' என்னும் நாட்டுக் கரும்பைவிட இது ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியாக விளைந்தது. இனிய கரும்பும் காட்டு நாணலும் கூடிப் பிறந்த முதல் வணிகக் கரும்பு என்னும் பெருமை இதற்கு உண்டு.

மெண்டலின் கணக்கு இக்கரும்பில் எவ்வாறு அமைந்தது என்று ஆராய்ந்தவர்க்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. மெண்டல் கூறிய காரணிகள், உயிரணுவின் உட்கருவில் உள்ள குரோமோசோம்கள் என்னும் நுண்ணிழைகளில் தங்கியுள்ளன. தடித்த இன்கரும்பின் அணுவில் 80 குரோமோசோம்களும், கோயம்புத்தூர் நாணலின் அணுவில் 64 குரோமோசோம்களும் உள்ளன. பெற்றோர் ஒவ்வொருவரும் பாதி கொடுப்பது பொதுவிதி. அதன்படி பிள்ளைக்கு 40உம் 32உம் சேர்ந்து 72 இருத்தல் வேண்டும். ஆனால் இத்தகைய கலப்புகளில் பிள்ளையின் அணுவை நுண்ணோக்கியில் எண்ணினால் 112 காணப்படும். தாய்க்கரும்பு தன்னிடமுள்ள 80 முழுவதையும் கொடுக்க, தந்தையாகிய நாணல் பாதியாகிய 32 மட்டுமே கொடுக்கின்றது. ஜாவாவில் கரும்பை ஆராய்ந்த பிரெமர் என்னும் அறிஞர் இவ்வியல்பை முதலில் விளக்கினார். பொதுவிதிக்கு மாறான இந்நிகழ்ச்சி மனிதர்க்கு நற்பேறாய் முடிந்தது. பிள்ளையிடம் நாணலின் பங்கு பாதியாக இல்லாமல், ஏறத்தாழ 29 விழுக்காடாகக் குறைந்தது. அப்பிள்ளையை மீண்டும் இன்கரும்போடு கலக்கும்போது அப்பங்கு மேலும் குறையும், இனிமை மீளும், நாணலின் உரத்தில் ஒரு பகுதி நிலைக்கும்.

கரும்பின் கணக்கைச் சிக்கலாக்குவது மற்றொன்றும் உண்டு. பட்டாணியில் ஒரு பண்பிற்குக் காரணிகள் இரண்டே. இன்கரும்பிலோ, ஒரே வகைக் குரோமோசோம் எட்டுப் படிகளாக அமைந்துள்ளது. எனவே ஒரு பண்பிற்கு எட்டுக் காரணிகள் வரை இருக்கலாம். அவற்றுள் நான்கு ஓங்கு காரணிகள், நான்கு ஒடுங்கு காரணிகள் என்று கொள்வோமாயின், மகரந்தம் ஒவ்வொன்றும் எட்டினுள் நான்கைப் பெறும். எட்டிலிருந்து நான்கைத் தெரிந்தெடுக்கும் வழிகள் எழுபது. அவற்றுள் ஒன்றில்தான் நான்கும் ஒடுங்கு காரணிகளாக அமையும். சூலுக்கும் கணக்கு அதுவே. ஆகவே, குரோமோசோம்கள் ஒழுங்கின்றி எவ்வாறேனும் கூடிப் பிரியுமாயின், ஒடுங்கு பண்பு வெளிப்படும் வாய்ப்பு எழுபதை எழுபதால் பெருக்கிவரும் 4,900இல் ஒன்று ஆகும். பட்டாணியில் நான்கில் ஒன்றாக இருந்தது, கரும்பில் 4,900இல் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இஃது ஒரு பண்பிற்கு மட்டுமே உரிய கணக்கு. இனிப்பு, பருமன், தூர்விடுதல், நோய் எதிர்ப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் பல காரணிகள் சேர்ந்து செயற்படுகின்றன.

இதனால் மெண்டலின் விதி கரும்பில் பொய்த்துவிட்டது என்று கருதுதல் தவறு. காரணிகள் அழிவதில்லை, பிரிந்து கூடுகின்றன என்னும் அடிப்படை அங்கும் உண்மையே. எண்ணிக்கை பெருகியதால் முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் குறைந்தது, அவ்வளவே. நான்கு அறைச் சதுரம் போதாத இடத்தில், விரிந்த வயலே சதுரமாகிறது. ஆகவே அறிஞர்கள் பல்லாயிரம் நாற்றுகளை வளர்த்து, ஒவ்வொன்றையும் சோதித்து, தகாதவற்றை நீக்குகின்றனர். சாற்றின் இனிப்பைக் கருவியால் அளப்பர், தூர்களை எண்ணுவர், நோய்க்கிருமியைச் செலுத்தித் தாங்குகிறதா என்று பார்ப்பர். தேறிய சிலவற்றைப் பல ஊர்களில் நட்டு மீண்டும் ஒப்பிடுவர். ஒரு நாற்று உழவர் கைக்கு வரும் கரும்பாக உயரப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ஒரு நாற்று தேறிவிட்டால் அதன்பின் கரும்புக்கு ஒரு பேருதவி உண்டு. அதுவே முன்னர்க் கூறிய கரணை. அந்நாற்றைத் துண்டாக்கி நட்டால் அதன் பண்புகள் யாவும் மாறாமல் நிலைக்கும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்திற்கோ பருத்திக்கோ இவ்வுதவி இல்லை. அவ்வயலில் விளைந்த விதையைச் சேர்த்து மறுமுறை விதைப்பாராயின், 'நெகு' செடியிலிருந்து நெட்டையும் குட்டையும் பிரிந்தது போல, பண்புகள் பிரிந்து, பயிர் ஒருசீராக இராது, விளைச்சலும் குறையும். வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும் என்று உழவர்க்குக் கூறப்படுவதன் காரணம் இதுவே. இக்காரணத்தை அறிந்தவர், எவ்விதையைச் சேமிக்கலாம், எதைச் சேமிக்கலாகாது என்பதைத் தாமே முடிவு செய்யலாம்.

கோ 205ஐத் தொடர்ந்து கோயம்புத்தூரில் பல கரும்புகள் தோன்றின. இன்கரும்பு, நாணல், வட இந்திய நாட்டுக் கரும்பு ஆகிய மூன்றையும் இணைத்துப் புதிய வகைகள் உருவாக்கப்பட்டன. கோ 281, கோ 290 என்பன கடல் கடந்து லூசியானா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய இடங்களின் வயல்களிலும் இடம்பெற்றன. ஜாவாவின் கரும்பு ஒன்றையும் கோ 290ஐயும் கலந்து பெற்ற கோ 419 தென்னாட்டில் நெடுங்காலம் புகழுடன் விளங்கிற்று. 1930களில் அந்நிலையத்தில் பணியாற்றிய தலைச்சேரி அம்மையார் ஜானகி அம்மாள், கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பெற்ற செடியைப் பற்றி 1938ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். 1932ஆம் ஆண்டில் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. முப்பது அளவில் இருந்த சர்க்கரை ஆலைகள் சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டன. அவ்வாலைகளுக்கு வேண்டிய கரும்பைக் கோயம்புத்தூர் வகைகளே தந்தன.

ஒரே கரும்பைக் கரணை வாயிலாக நாடெங்கும் பரப்புவதில் ஓர் இடரும் உண்டு. 2009ஆம் ஆண்டில் வட இந்தியாவிற்கென வெளியிடப்பட்ட கோ 0238 என்னும் வகை விளைச்சலும் சர்க்கரையும் மிகுதியாகத் தந்தது. உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலங்களில் பெரும்பகுதியை அதுவே நிரப்பிற்று. ஆனால் சில ஆண்டுகளில் செவ்வழுகல் என்னும் பூஞ்சை நோய் அதனைத் தாக்கிற்று. பரந்த நிலமெங்கும் நின்றது, காரணிகளில் சிறிதும் வேறுபடாத ஒரே கரும்பு. அதன் ஒரு கழியை வெல்லும் நோய் எல்லாக் கழிகளையும் வெல்ல வல்லதாயிற்று. உழவர் வேறு வகைகளை நாட வேண்டிய நிலை எழுந்தது. வயலில் ஒருமை விளைச்சலுக்கு நல்லது. ஆனால் காப்புக்கு வேற்றுமை வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அண்மைக் காலத்தில் கரும்பின் காரணிகளை எழுத்தெழுத்தாகப் படிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. நூற்றுக்கு மேற்பட்ட குரோமோசோம்களில் ஒத்த படிகள் பல கலந்திருப்பதால், இம்முயற்சி ஏனைய பயிர்களைவிடக் கரும்பில் காலம் தாழ்ந்தே கைகூடிற்று. பயிரிடப்படும் கலப்புக் கரும்பு ஒன்றன் மரபுத் தொகுதி 2024ஆம் ஆண்டில் விரிவாக வெளியிடப்பட்டது. இனிவரும் அறிஞர்கள், நாற்றின் ஓர் இலைத்துண்டைச் சோதித்தே அதன் பண்புகள் சிலவற்றை முன்னறிந்து, வயலின் சுமையைக் குறைக்கக்கூடும். எனினும், வயலில் நட்டுப் பார்க்கும் சோதனை முற்றிலும் தேவையற்றதாகிவிடும் என்று கூற இயலாது. மழையும் மண்ணும் வெயிலும் காரணிகளோடு கூடியே பயிரை உருவாக்குகின்றன.

கோயம்புத்தூர் நிலையம் இன்று இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த கரும்பு இனப்பெருக்க நிறுவனமாக விளங்குகின்றது. நாட்டின் பல மாநிலத்து அறிஞர்கள் பூக்கும் பருவத்தில் அங்கு வந்து தமக்கு வேண்டிய கலப்புகளைச் செய்து, விதைகளைத் தம் ஊர்க்குக் கொண்டுசெல்கின்றனர். அந்நிறுவனத்தைச் சேர்ந்த கண்ணூர் நிலையத்தில், உலகின் பல பகுதிகளினின்றும் திரட்டிய கரும்புகளும் நாணல்களும் பேணப்படுகின்றன. அவற்றுட் பல, சாறும் இனிப்பும் அற்ற வெறும் புல்லாகவே தோன்றும். சந்தையில் அவற்றுக்கு விலை இல்லை. ஆயினும், நாளை தோன்றும் ஒரு நோயை வெல்லும் காரணி அவற்றுள் எதனிடம் ஒடுங்கிக் கிடக்கிறது என்பது தோற்றத்தால் அறியக்கூடியதன்று. மெண்டலின் நெட்டைச் செடிகளில் குட்டை மறைந்திருந்தது போல, ஆற்றங்கரை நாணலில் கோ 205இன் உரம் மறைந்திருந்தது. அதனாலேயே, பயனற்றதென்று இன்று தோன்றும் செடியையும் ஆண்டுதோறும் கரணை வெட்டி மீண்டும் நட்டு, அழியாமல் காத்து வருகின்றனர்.